முறையீட்டைக் கேட்டவர் யார்? 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணையும் சென்னைக் காவல்துறையும்

சென்னை மாகாணத்தில் அரசு ஊழியர்கள் குடிமக்கள்மீது நிகழ்த்திய சித்திரவதைகளை ஆராய 1854 செப்டம்பரில் மூவர் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1855 ஏப்ரல் 16 அன்று அது தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. காவல் அதிகாரத்தின் அத்துமீறலைக் காலனிய அரசே ஏற்று, எண்ணிக்கையோடு பதிவுசெய்த ஆவணம் என்ற வகையில் இவ்வறிக்கை வரலாற்றாய்வாளர்களால் தொடர்ந்து எடுத்தாளப்பட்டு வருகிறது. இதன் விளைவாகவே 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் பிறந்தது என்பதும், அச்சட்டம் 1861ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் காவல் சட்டத்திற்கு முன்மாதிரியாயிற்று என்பதும் பாடநூல்கள் வரை எட்டிவிட்ட செய்திகள். ஆயினும், அறிக்கை எழுப்பிய வினாக்களுள் ஒன்றுக்கு மட்டும் அச்சட்டங்களில் விடை இல்லை. காவல் ஊழியரால் தீங்குற்றவர் தம் முறையீட்டை யாரிடம் கொண்டு செல்வது, அதைக் கேட்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மேலதிகாரியாகவே இருக்கலாமா என்பதே அவ்வினா. அவ்வினாவின் வழியே ஆணையத்தின் பணியையும், அதன் பின் உருவான நகர, மாவட்டக் காவல் அமைப்புகளையும், அவற்றின் அடிநிலைக் காவலர் நடத்தப்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஈடு செய்யும் காவல்

சம்பளம் பெறும் காவல்படை சென்னைக்கு வருவதற்கு முன்னர் நகரின் காவல் பெத்த நாயக்கன் என்னும் பரம்பரைக் காவல் தலைவரிடம் இருந்தது. பெத்துநாயக்கன்பேட்டை என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்தைத் தன் தலையாரிகளைக் கொண்டு காப்பது அவர் கடமை. அதற்கு ஈடாக நிலமும், நகருக்குள் வரும் பொருள்கள்மீது சிறு வரியும் அவருக்கு உரியனவாயின. களவு நிகழ்ந்து பொருள் மீளாவிடில் அதன் மதிப்பை அவரே இழந்தவருக்கு அளிக்க வேண்டும் என்பதும் அவ்வுடன்பாட்டின் ஒரு கூறாகும். தென் மாவட்டங்களின் ஊர்க்காவல் முறையிலும் இதே கொள்கை நிலவியது. களவுபோன மாடு எங்குள்ளது என்று துப்புச் சொல்வதற்குத் 'துப்புக்கூலி' பெறும் வழக்கமும் அங்கு இருந்தது. இக்காவல்முறையைப் பொற்காலமாகக் காட்டுவதற்கு இடமில்லை. காவலரே களவுக்குத் துணைபோவதும், காவல் கூலி தராதவர் வீட்டில் களவு நேர்வதும் அக்காலத்தார் அறிந்தவையே. எனினும், காவல் தவறினால் காவலன் தன் கைப்பொருளால் விடைசொல்ல வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெத்த நாயக்கன் பதவி ஒழிந்து, கண்காணிப்பாளர் ஒருவரின் கீழ்ச் சம்பளக் காவலர் வந்தபோது, ஈடு செய்யும் அக்கடமையும் ஒழிந்தது. அதனிடத்தில் மேலதிகாரிக்கு விடைசொல்லும் கடமை வந்தது. குடிமகனுக்கும் காவலனுக்கும் இடையே இருந்த நேரடிக் கணக்கு இவ்வாறு முடிவுற்றது.

நகரத்திற்கு வெளியே மாற்றம் வேறு வழியில் நிகழ்ந்தது. தாமஸ் மன்றோவின் கருத்துகளைத் தழுவி 1816இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைகள், நீதிபதியிடம் இருந்த குற்றவியல் நடுவர் அதிகாரத்தைக் கலெக்டருக்கு மாற்றின. தாரோகாக்கள் நீக்கப்பட்டனர். தாலுகாவில் வரி தண்டும் தாசில்தாரே காவல் தலைவரும் ஆனார். ஊரளவில் கிராமத் தலைவரும் தலையாரியும், பெரிய ஊர்களில் அமீனும் கொத்தவாலும் காவல் அதிகாரம் பெற்றனர். (கொத்தவால் என்னும் பதவிப் பெயர் சென்னையின் கொத்தவால் சாவடியில் எஞ்சி நிற்கிறது.) உள்ளூர் மரபுக்கு ஏற்றது, செலவு குறைந்தது என்பன இவ்வேற்பாட்டிற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். செலவு குறைந்தது உண்மை. ஆனால் நிலவரி நிலுவையைத் தண்டுபவர், களவுக் குற்றத்தை விசாரிப்பவர், சிறு குற்றங்களுக்குத் தண்டனை அளிப்பவர் ஆகிய மூவரும் ஒருவரேயாயினர். அவருக்கு ஒரே சேவகர் கூட்டமே உதவியது. கிஸ்தி கட்டாத குடியானவனும் களவுக் குற்றம் சாட்டப்பட்டவனும் அதே சாவடியில், அதே கைகளில் அகப்பட்டனர்.

நாடாளுமன்றம் முதல் ஆணையம் வரை

இந்நிலையை இலண்டன் வரை கொண்டுசென்றதில் சென்னை நகரத்தாரின் பங்கு பெரிது. காஜுல இலட்சுமிநரசு செட்டியார் 'கிரசென்ட்' இதழை நடத்தியவர். 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவியவர். கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்படவிருந்த காலத்தில் இச்சங்கம் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு விரிவான விண்ணப்பம் ஒன்றை அனுப்பியது. நிலவரிச் சுமையும் அதனைத் தண்டும் முறையும் அதில் முதன்மை இடம் பெற்றன. 1853இல் இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டான்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, அவர் மாவட்டங்களை நேரில் காண்பதற்குச் செட்டியார் துணைநின்றார். 1854 சூலையில் பொதுமன்றத்தில் சென்னை நிலவரி குறித்து நடந்த விவாதத்தில் சித்திரவதை பற்றிய பேச்சு எழுந்தது. கம்பெனி தரப்பினர் அதனை மறுத்தனர். மறுப்பு வலுவாக இருந்ததாலேயே விசாரணையும் தவிர்க்க இயலாததாயிற்று. உண்மையில்லை என்று நிறுவுவதற்கும் ஓர் ஆணையம் வேண்டியிருந்தது.

ஆணையத்தின் உறுப்பினர் மூவர்: இ. எஃப். எலியட், எச். ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். எலியட் சென்னை நகரின் தலைமை நடுவரும் காவல் கண்காணிப்பாளருமாக 1834 முதல் இருந்துவந்தவர். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1816 ஒழுங்குமுறைகள் வெளிவந்தபோது சென்னையின் ஆளுநராக இருந்தவர் அவருடைய தந்தை இயூ எலியட். தந்தையின் காலத்து ஏற்பாட்டின் பயனை மகன் ஆராய நேர்ந்தது. ஸ்டோக்ஸ் கம்பெனியின் குடியியல் அதிகாரி. நார்ட்டன் வழக்கறிஞர். கம்பெனி நீதிமன்றங்களின் தரக்குறைவைக் கடுமையாகச் சாடி 1853இல் நூல் எழுதியவர். இந்தியர் எவரும் ஆணையத்தில் இல்லை. ஒருவர் காவல் அதிகாரி, ஒருவர் ஆட்சித்துறையினர், ஒருவர் மட்டுமே புறத்தார் என்னும் இவ்வமைப்பிலிருந்து அரசுக்கு ஊறு நேராத அறிக்கையை எதிர்பார்த்திருந்தால் அது வியப்பன்று. அறிக்கையின் முற்பகுதி அவ்வெதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. பிற்பகுதி பெருமளவு நிறைவேற்றியது.

1,959 முறையீடுகள்

முறையீடு உடையோர் தெரிவிக்கலாம் என்று நாட்டு மொழிகளில் அறிவிப்புகள் வெளியிடப்பட்டன. ஆணையம் சென்னையிலேயே அமர்ந்தது. மாகாணமோ வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை பரந்தது. புகைவண்டி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மூன்று மாதங்களுக்குள் 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1,440 முறையீடுகள் கடிதமாக வந்தன. மொத்தம் 1,959. ஒவ்வொன்றையும் மெய்ப்பித்துத் தீர்ப்பளிப்பது ஆணையத்தின் வேலையாக அமையவில்லை. வழக்கம் உண்டா இல்லையா என்று கண்டறிவதே அதன் பணி. எனவே கலெக்டர்கள், நீதிபதிகள், சமயப் பணியாளர்கள், வணிகர் ஆகியோரின் எழுத்துவழிச் சான்றுகளும் பெறப்பட்டன.

1,959 என்னும் எண்ணைச் சித்திரவதை நிகழ்ந்த எண்ணிக்கையாகக் கொள்ளுதல் பிழை. அது முறையிட முடிந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே. அறிவிப்பைக் கேட்டறிந்து, எழுதுபவரைத் தேடிக் கூலி தந்து எழுதுவித்து, அல்லது வேளாண் வேலையை விட்டுப் பல நாள் நடந்து, தன் ஊர்த் தாசில்தாரின் பகையை ஏற்றுக்கொள்ளத் துணிந்தவர்கள் இவர்கள். நேரில் வந்த 519 பேரின் நடைத் தொலைவே தனிச் சான்றாகும். உள்ளூரில் நீதி கிடைத்திருக்குமாயின் இத்தனை பேர் தலைநகர் வரை நடந்திருக்க வேண்டியதில்லை.

அறிக்கை குறிப்பிடும் துன்புறுத்தல் முறைகளுள் இரண்டு, தம் தமிழ்ப் பெயர்களோடே ஆங்கில எழுத்தில் ஏறின. கிட்டி என்பது இரு கோல்களுக்கிடையே கைவிரல்களை வைத்து நெருக்குதல். கிட்டுதல் என்னும் வினையின் பொருள் அப்பெயரில் தெளிவாகவே உள்ளது. சிறுவர் ஆடும் கிட்டிப்புள்ளில் வருவதும் இதே சொல்லே. மற்றொன்று அண்ணாந்தாள். அண்ணாத்தல், தாள் என்னும் சொற்களின் சேர்க்கை மேல்நோக்குதலைச் சுட்டுவதாகத் தோன்றும். அறிக்கை விவரிப்பதோ அதன் மறுதலை: கழுத்திலும் கால் பெருவிரலிலும் கயிறோ அவனது துணியோ மாட்டி, ஒருவனைக் குனிந்த நிலையில் கட்டி நிறுத்துதல். வெயிலில் நிறுத்துதல், உணவுக்கும் இயற்கைக் கடனுக்கும் விடாது தடுத்தல், கண்ணில் மிளகாய்ப் பொடி இடுதல் என்பன பிற. இவற்றுட் பலவற்றுக்குக் கருவி வேண்டியதில்லை. வேட்டித் துணியும் கயிறும் வெயிலுமே போதும். நிலையான தடயம் எஞ்சாத முறைகள் இவற்றுள் மிகுதி என்பதும் கருதத்தக்கது. தடயம் இல்லாதவிடத்து முறையிட்டவனின் சொல்லுக்கு எதிராகத் தாசில்தாரின் சொல்லே நிற்கும்.

இப்பெயர்கள் தமிழாக இருந்தமை காலனிய அதிகாரிகளுக்கு ஒரு வகையில் உதவியாயிற்று. பெயர் நாட்டாருடையது, கை நாட்டாருடையது. ஆகவே பழக்கமும் நாட்டாருடையதே என்று வாதிட வழி பிறந்தது. சித்திரவதையை இந்தியப் பண்பாட்டின் குறையாக வரையறுத்ததன் மூலம் காலனிய அரசு தன் வரிமுறையை விசாரணைக்கு வெளியே நிறுத்திக்கொண்டது என்பதை அனுபமா ராவ் விளக்கியுள்ளார். கிட்டி பழைய கருவியாக இருக்கலாம். ஆனால், அதனைக் கையில் எடுத்த சேவகன் தண்டியது கம்பெனியின் கிஸ்தி. அவனை அனுப்பியவர் கம்பெனியின் தாசில்தார். நிலுவை குறைந்தது எனக் கணக்கில் நிறைவு கண்டவர் கம்பெனியின் கலெக்டர்.

குற்றஞ்சாட்டப்பட்டவரிடமே திரும்பிய மனு

அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி சித்திரவதையை விவரிக்கும் பகுதியன்று. அதற்குப் பரிகாரம் கிடைக்காமற்போனதன் காரணங்களை விளக்கும் பகுதியே. குடியானவன் ஒருவன் தாசில்தாரின் சேவகனால் அடிபட்டால், அவன் செல்லக்கூடிய முதல் அதிகாரி தாசில்தாரே. அவரைக் கடந்து கலெக்டரிடம் செல்ல வேண்டுமாயின் நெடுந்தூரம் நடக்க வேண்டும். கலெக்டர் முகாமில் இருப்பின் முகாமைத் தேட வேண்டும். கச்சேரியின் சிரஸ்தாரும் குமாஸ்தாக்களும் தாசில்தாரோடு தொடர்புடையவர்கள். மனு உள்ளே செல்வது அவர்கள் கையில். இவ்வளவும் கடந்து மனு கலெக்டரை எட்டினாலும், அது பெரும்பாலும் தாசில்தாரின் விசாரணைக்கு எனப் புறக்குறிப்பு எழுதப்பட்டுத் திரும்பியது. குற்றஞ்சாட்டப்பட்டவரே விசாரணையாளர் ஆனார். மனு கொடுத்தவன் ஊர் திரும்பியபின் நேர்வதைச் சொல்ல வேண்டியதில்லை.

1857 செப்டம்பர் 17 அன்று 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' இதழில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், சித்திரவதை முறைகளோடு இப்பகுதியையும் எடுத்துக்காட்டினார். வட இந்தியக் கிளர்ச்சியாளரின் கொடுமைகள் பற்றி இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கில அரசின் சொந்த ஆவணத்தையே அவர் சான்றாக்கியது அக்கட்டுரைக்கு வலிமை தந்தது.

இதே காலத்தில் சென்னை நகரத்தானின் நிலை வேறாக இருந்தது. 1801 முதல் நகரில் உச்ச நீதிமன்றம் இயங்கிவந்தது. அது கம்பெனிக்குக் கட்டுப்படாத, அரசரின் நீதிமன்றம். நகர எல்லைக்குள் வாழ்பவன் ஆங்கிலச் சட்டப்படி அங்கு வழக்குத் தொடுக்கலாம். அவனுக்காகப் பேச வழக்கறிஞரும் இருந்தனர். ஏழைக்கு அதன் வாயில் எளிதில் திறந்ததாகக் கொள்ள முடியாது. ஆயினும் காவலரை ஆளாத ஒரு நீதிமன்றம் கூப்பிடு தொலைவில் இருந்தது என்பதே ஒரு தடையாகும். நகர எல்லையைக் கடந்தவுடன் அத்தடை இல்லை. நகரக் காவல் தலைவரான எலியட் நகருக்கு வெளியே நடந்தவற்றை விசாரிக்க அமர்ந்ததற்கு இதுவும் ஒரு பின்னணியாக இருக்கலாம்.

பழி இறங்கிய படி

அறிக்கையின் முடிவுகள் இருவகை. சித்திரவதை உண்டு, அது பரவலானது, வரி தண்டவும் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் அது கையாளப்படுகிறது என்பது முதல் முடிவு. இதில் ஆணையம் தயக்கம் காட்டவில்லை. ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தையல்லர், மக்களும் அவர்களைக் குற்றம் சொல்வதில்லை, தீமை முழுவதும் நாட்டு ஊழியர் வழி வந்தது என்பது இரண்டாம் முடிவு. முதல் முடிவுக்கு 1,959 முறையீடுகள் அடிப்படை. இரண்டாம் முடிவுக்கு அத்தகைய அடிப்படை இல்லை. தாசில்தாரைக் குறித்தே முறையிட அஞ்சியவன் கலெக்டரைக் குறித்து ஐரோப்பியர் மூவர் முன்னிலையில் முறையிடவில்லை என்பதனால் கலெக்டர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார்.

இவ்விரண்டாம் முடிவே பின்வந்த சீர்திருத்தத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. நோய் நாட்டு ஊழியரின் இயல்பில் உள்ளதெனில் மருந்து ஐரோப்பிய மேற்பார்வையே. வருவாய்த்துறையையும் காவலையும் பிரித்து, காவலை ஐரோப்பிய அதிகாரிகளின் கீழ்த் தனித்துறையாக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1858இல் வில்லியம் ராபின்சன் மாகாணக் காவலின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அயர்லாந்துக் காவல்படையும் சிந்துப் பகுதிக் காவலும் முன்மாதிரிகளாயின. 1859ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம் புதிய காவல்படையை உருவாக்கியது. அயர்லாந்துப் படை, ஆளப்படுவோரை அடக்கி வைப்பதற்கு அமைக்கப்பட்ட, ஆயுதப் பயிற்சி பெற்ற அமைப்பு. குடிமக்களின் முறையீட்டைக் கேட்டுத் திருத்திக்கொள்வதற்கான முன்மாதிரியாக அதனைக் கருத இயலாது. சித்திரவதைக்கு எதிரான விசாரணையின் பயனாகப் படைத்தன்மை மிக்க காவல் பிறந்தது என்னும் இம்முரண், டேவிட் அர்னால்டு சென்னைக் காவல் குறித்து எழுதிய நூலைப் படிப்போர்க்கு நன்கு விளங்கும்.

1859ஆம் ஆண்டுச் சட்டத்தில் காவலர்மீது தொடுக்கும் வழக்குகளுக்கு மூன்று மாதக் கால வரம்பு விதிக்கப்பட்டது. கலெக்டரின் முகாமைத் தேடி அலைந்த குடியானவனின் கதையை நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்த அரசு இவ்வரம்பை விதித்தது என்பது கவனத்திற்குரியது. சென்னைச் சட்டத்தின் வழிவந்த 1861 காவல் சட்டத்தின் 29ஆம் பிரிவு, காவலர் செய்யும் தவறுகளை ஒரே தொடரில் அடுக்குகிறது. அனுமதியின்றியோ இரண்டு மாத முன்னறிவிப்பின்றியோ பணியை விடுதல், விடுப்பு முடிந்தும் திரும்பாமை, கோழைமை, காவலில் உள்ளவர்மீது தகாத வன்முறை ஆகிய அனைத்துக்கும் உச்சத் தண்டனை ஒன்றே: மூன்று மாதச் சம்பளத்திற்கு மேற்படாத அபராதம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். சொல்லாமல் வேலையை விட்டுச் சென்ற காவலனும் கைதியை அடித்த காவலனும் சட்டத்தின் முன் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். அரசு அஞ்சியது எதனை என்பதற்கு இப்பிரிவைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆணையத்தின் கண்டறிதல்கள் மெய்யான பயன் தந்த துறை சான்றுச் சட்டமே. காவலரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்னும் விதி 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவாயிற்று. அடித்துப் பெற்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் விலை இல்லையென்றால் அடிப்பதற்கான தூண்டுதல் குறையும் என்பது அதன் உட்கருத்து. ஆனால் வாக்குமூலத்தின் வழியே பொருள் கண்டெடுக்கப்பட்டால் அப்பகுதி சான்றாகும் என்ற 27ஆம் பிரிவு, மூடிய கதவில் ஒரு சாளரத்தை விட்டுவைத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23ஆம் பிரிவில் கதவும் சாளரமும் ஒன்றாகவே தொடர்கின்றன.

நகர ஆணையர்

கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று தலைநகர்களுக்கும் 1856ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம் தனிக் காவல் அமைப்பை வகுத்தது. எலியட்டின் நீண்ட பணிக்காலம் அவ்வாண்டில் முடிவுற, கண்காணிப்பாளர் இருந்த இடத்தில் ஆணையர் வந்தார். 1888இல் சென்னை நகரக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. பல திருத்தங்களுடன் இன்றும் அது நடைமுறையில் உள்ளது. குடித்துவிட்டுத் தெருவில் ஒழுங்கீனம் செய்வோர்மீது பதியப்படும் 'எழுபத்தைந்து கேஸ்' என்னும் சென்னைப் பேச்சுவழக்கு இச்சட்டத்தின் 75ஆம் பிரிவிலிருந்து வந்ததே.

மாவட்டத்தில் வருவாயும் காவலும் பிரிக்கப்பட்டன எனக் கூறப்பட்ட காலத்தில் நகரத்தில் அதிகாரங்கள் ஆணையரிடம் குவிந்தன. கூட்டங்களையும் ஊர்வலங்களையும் தடை செய்யும் அதிகாரம் மாவட்டத்தில் நடுவருக்கு உரியது. நகரத்தில் 41ஆம் பிரிவின்படி அது ஆணையருக்கே உரியது. தடை விதிப்பவர், மீறினால் கைது செய்பவர், கைதில் அத்துமீறல் நேர்ந்ததாக முறையீடு எழுந்தால் துறைவழி விசாரணைக்கு ஆணையிடுபவர் ஆகிய மூவரும் ஒரே அலுவலகத்தினர். 1855இல் தாசில்தாரிடம் காணப்பட்ட அதிகாரக் குவிப்பு, தரமும் பயிற்சியும் உயர்ந்த வடிவில் நகரத்தில் இடம்பெற்றது எனலாம். 1862இல் உச்ச நீதிமன்றத்தின் இடத்தில் உயர் நீதிமன்றம் அமைந்து நகரத்தின் வெளித்தடை தொடர்ந்தமையால் அதன் கூர்மை ஓரளவு மழுங்கியது.

அடிநிலைக் காவலர்

பழி முழுவதும் நாட்டு ஊழியர்மீது இறக்கப்பட்டதன் பிறிதொரு விளைவு, அவர்கள் நடத்தப்பட்ட முறையில் தெரிகிறது. நம்பத்தகாதவர் என்று கருதப்பட்டவருக்கு நல்ல சம்பளமும் பயிற்சியும் அளிக்கும் எண்ணம் எழவில்லை. ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் 1902-03இல் அமைந்த காவல் ஆணையம், அரை நூற்றாண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னும் காவல்துறை திறமையற்றும் ஊழல் மிக்கும் மக்களை ஒடுக்குவதாகவும் இருப்பதைக் கண்டது. கான்ஸ்டபிளின் மாதச் சம்பளம் 8 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அது பரிந்துரைத்தது. அதே மூச்சில், புலனாய்வுப் பணியைச் சப்-இன்ஸ்பெக்டருக்கும் மேற்பட்டவருக்கும் ஒதுக்கி, கான்ஸ்டபிளை இயந்திரப் பணிக்கே உரியவராக்கவும் பரிந்துரைத்தது. சிந்திக்க வேண்டாதவர் எனப் பணியமர்த்தப்பட்டவர் மேலதிகாரியின் ஆணையை மறுத்து நிற்பார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

காவலர் தம் குறைகளைச் சொல்வதற்கான வழிகளும் அடைக்கப்பட்டன. காவலரிடையே மனக்கசப்பைத் தூண்டுதல் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாயிற்று. விடுதலைக்குப் பின் 1966இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையை வரையறுத்தது. அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலரைப் பயன்படுத்தும் ஆர்டர்லி முறை 1979இல் தமிழக அரசால் நீக்கப்பட்டதாக ஆணை உண்டு. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2022இல், அதனை முற்றாக ஒழிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. காவலர்க்கு வார விடுப்பு அளிக்கும் அரசாணை 2021இல்தான் வந்தது. அதிகாரியின் வீட்டில் துணி துவைக்க அனுப்பப்பட்ட காவலர் அதனை முறையிட வேண்டிய இடமும் அவ்வதிகாரியின் துறையே. தாசில்தாரைப் பற்றிய மனு தாசில்தாரிடமே திரும்பிய நடைமுறை, காவல்துறைக்கு உள்ளேயும் இவ்வாறு இயங்கியது. குடிமகனின் முறையீடும் காவலரின் முறையீடும் தனித்தனிச் சிக்கல்களாகவே ஆய்வுகளில் பேசப்படுகின்றன. அவை அடைபட்ட வாயில் ஒன்றே.

முறையீட்டு ஆணையங்கள்

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த கட்டளைகள் இவ்வினாவை நேரடியாகத் தொட்டன. காவலர்மீதான முறையீடுகளை ஆராய மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தனி ஆணையங்கள் அமைய வேண்டும். மாநில ஆணையத்திற்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்திற்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும். அவர்களைத் தெரிவுசெய்வதற்கான பெயர்ப் பட்டியலை நீதித்துறையே அளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. மேலதிகாரி அல்லாத ஒருவர் முறையீட்டைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டளைகளின் சாரம். அதே தீர்ப்பு, இடமாற்றம், பதவி உயர்வு முதலியவற்றை முடிவுசெய்யவும், காவலர் தம் பணிக்குறைகளை முறையிடவும் காவல் பணியமைப்பு வாரியம் ஒன்றை அமைக்கப் பணித்தது. குடிமகனுக்கான வாயிலும் காவலருக்கான வாயிலும் ஒரே தீர்ப்பில் இடம்பெற்றன. எனினும் பணியமைப்பு வாரியத்தில் காவல்துறை உயரதிகாரிகளே உறுப்பினர்.

தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றி முறையீட்டு ஆணையங்களை அமைத்தது. மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். காவல்துறைத் தலைமை இயக்குநரும் சட்டம் ஒழுங்குக் கூடுதல் தலைமை இயக்குநரும் அதன் உறுப்பினர்கள். மாவட்ட ஆணையத்தில் உறுப்பினராக அமர்பவர்கள் அம்மாவட்டத்தின் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும். தலைவர், மாவட்ட ஆட்சியர்.